பழைய வாட்டர் கூலிங் பாகங்களை ஆன்லைனில் வாங்குவது, விற்பது: முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விக்க, தனித்தனிப் பாகங்களை வாங்கி நாமே இணைக்கும் சுற்றுக்குக் கஸ்டம் லூப் என்று பெயர். அதைக் கட்ட ஆசைப்படுகிறவர்களைப் புதுப் பொருளின் விலைதான் முதலில் தடுக்கிறது. பம்ப், ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி), 360 ரேடியேட்டர், சிபியு பிளாக், ஜிபியு பிளாக் (பிராசசர், கிராபிக்ஸ் கார்டு சிப்களின் மேல் அமர்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் கட்டிகள்) என்று பெரிய பாகங்களைக் கூட்டி முடித்து, சரி, அவ்வளவுதான் என்று நினைக்கும்போது டியூபைப் பாகத்தோடு இணைக்கும் ஃபிட்டிங்குகளின் செலவு வந்து நிற்கும். மிக எளிய லூப்பில்கூட ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஃபிட்டிங் வேண்டும். நான்கு பாகம் என்றால் எட்டு. வளைவுகளுக்கு ஆங்கிள் அடாப்டர், வடிப்பதற்கு ஒரு வால்வு என்று சேர்த்தால் ஒரு டஜனைத் தொட்டுவிடும். இதில் பெரும்பாலானவை செம்பும் பித்தளையும்தான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று மாறி மாறி உழைக்கும். அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குவதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது எல்லோரும் கேட்பது, எத்தனை வருஷம் ஓடியது என்பதை. வாட்டர் கூலிங் பாகத்துக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உள்ளே என்ன ஓடியது என்பது. நல்ல கூலன்ட் (லூப்பில் ஓடும் திரவம்) மட்டுமே பார்த்த எட்டு வருஷ ரேடியேட்டர் புதுசு மாதிரியே வேலை செய்யும். பால் நிறக் கூலன்டை ஊற்றி, ஒரு வருஷம் மாற்றாமல் விட்ட பிளாக்கின் உள்ளே சேறு கட்டியிருக்கும். வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதும், விற்கிறவர் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இந்த ஒன்றைத்தான். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றியே இருக்கின்றன.

படி 1: எதைப் பழையதாக வாங்கலாம்?

ரேடியேட்டர், ஃபிட்டிங், டி5 பம்ப் மூன்றையும் தைரியமாகத் தேடலாம். சிபியு பிளாக்கும் ரிசர்வாயரும் பார்த்து வாங்கலாம். ஜிபியு பிளாக் உங்கள் கார்டுக்குப் பொருந்துமா என்பதைப் பொறுத்தது. டியூப் வேண்டவே வேண்டாம். சாஃப்ட் டியூப் கறை பிடித்து இறுகியிருக்கும், ஹார்டு டியூப் வேறொருவர் கேபினெட்டின் அளவுக்கு வெட்டி வளைத்ததாக இருக்கும். இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தாலும் அதை நம்பி லூப் போடாதீர்கள்.

பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி5 என்பது லெயிங் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வடிவமைப்பு. இப்போது சைலம் நிறுவனத்திடம் இருக்கிறது. கடையில் பல பிராண்டு பெயர்களில் விற்கும் டி5 பம்புகளில் நிறைய அந்த ஒரே மோட்டாருக்கு வேறு வேறு மூடி போட்டவைதான். இதில் அச்சுத் தண்டு கிடையாது. சுழலி ஒரு சின்னக் கோள பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றும். அதற்கு மசகாக இருப்பது லூப்பில் ஓடும் தண்ணீர்தான். அதனால் தண்ணீர் இல்லாமல் ஓட விட்டால் பேரிங் தேயும். ஒழுங்காக ஓடிய டி5 பல வருஷம் தாங்கும். டிடிசி என்ற இன்னொரு பம்ப் வகை சின்னது, அழுத்தம் நன்றாகக் கொடுக்கும், ஆனால் சூடாகும். காற்றோட்டமில்லாத மூலையில் ஓடியிருந்தால் அதன் சர்க்யூட் போர்டு களைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் டி5 பக்கம்தான் போவேன்.

பம்ப், ரேடியேட்டர் எல்லாவற்றையும் சேர்த்துத் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிய ஏஐஓ கூலர்கள்தான் ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸிலும் அதிகம் கண்ணில் படும். இவற்றை வாங்காமல் இருப்பதே என் பொதுவான ஆலோசனை. பெரும்பாலான ஏஐஓக்களில் ரேடியேட்டர் அலுமினியம், சிப்பைத் தொடும் கோல்டு பிளேட் செம்பு. அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் கூலன்டில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறும். திரும்ப நிரப்ப வழி இருக்காது. உள்ளே என்ன நிலைமை என்று திறந்து பார்க்கவும் முடியாது. வாரண்டி 5 வருஷம், 6 வருஷம் என்று இருந்தாலும், அது முதலில் வாங்கியவருக்கு மட்டுமா என்று பார்க்க வேண்டும். அசல் பில், மிச்சமிருக்கும் வாரண்டி, பம்ப் ஓடும் வீடியோ மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 2 என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: அதன் சில தொகுப்புகளில் கேஸ்கெட் ரப்பரால் செம்புத் தட்டு அரிக்கப்படுவதை 2022இல் நிறுவனமே அறிவித்து, மாற்று கேஸ்கெட் இலவசமாகக் கொடுத்தது. அது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

படி 2: உலோகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய பாகம் வாங்கி லூப்பையே கெடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு இவை ஒரே லூப்பில் ஒத்துப்போகும். அலுமினியம் ஒத்துப்போகாது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் கரைந்து, சாம்பல் நிறக் கசடாகி, பிளாக்கின் நுண்பள்ளங்களில் போய் அடைக்கும். கழற்றிய ஏஐஓ ரேடியேட்டரை மலிவாகக் கிடைக்கிறதே என்று கஸ்டம் லூப்பில் சேர்ப்பது இந்த வகைத் தவறு.

விற்கிறவருக்கே தன் ரேடியேட்டர் என்ன உலோகம் என்று தெரியாமல் இருக்கலாம். பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; கறுப்பு பெயின்ட் அடித்தபின் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். மாடல் பெயரைக் கேட்டு, தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பொருள் என்ன என்று நீங்களே பாருங்கள். ஜெர்மனியின் ஆல்ஃபாகூல், பிலிப்பைன்ஸின் ஹார்ட்வேர் லேப்ஸ் ஆகியவற்றின் கஸ்டம் லூப் ரேடியேட்டர்கள் செம்பு அல்லது செம்பு-பித்தளை. பிராண்டு பெயர் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்லோவேனியாவின் ஈகே நிறுவனம் வழக்கமாகச் செம்புப் பாகங்கள் செய்தாலும், 2017இல் ஃப்ளூயிட் கேமிங் என்ற அலுமினிய வரிசையையும் வெளியிட்டது. அந்த வரிசையின் பாகங்களை அதே வரிசையோடு மட்டும்தான் சேர்க்கலாம். பெயரே இல்லாத மலிவு ரேடியேட்டர் என்றால், எதிர்மாறாக உறுதியாகும்வரை அலுமினியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்க முடிந்தால் கையில் தூக்கியதுமே தெரியும்: அதே அளவுச் செம்பு ரேடியேட்டர் நல்ல கனமாக இருக்கும்.

படி 3: பொருந்துமா என்று உறுதிசெய்யுங்கள்

சிபியு பிளாக்கில் தட்டைவிட அதை மதர்போர்டில் பிடித்து வைக்கும் மவுன்ட்தான் முக்கியம். இன்டெல் பிராசசர் அமரும் 115எக்ஸ், 1200 சாக்கெட்டுகளில் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.; 1700இல் 78 மி.மீ. ஆகிவிட்டது. 1851க்கு 1700இன் மவுன்ட்டே பொருந்தும். ஏஎம்டியில் ஏஎம்4 மவுன்ட் பெரும்பாலும் ஏஎம்5க்கும் வரும், ஆனால் ஏஎம்5 போர்டின் பின்தட்டைக் கழற்ற முடியாது. தன் சொந்தப் பின்தட்டைக் கேட்கும் பிளாக் அதில் உட்காராது. ஸ்க்ரூ, ஸ்பிரிங், பிராக்கெட் எல்லாம் இருக்கிறதா, புது சாக்கெட்டுக்குத் தனி மவுன்ட் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். மவுன்ட் இல்லாத பிளாக் வெறும் செம்புக் கட்டி.

ஜிபியு பிளாக்கில் இன்னும் கவனம் வேண்டும். 'ஆர்டிஎக்ஸ் 3080 பிளாக்' என்று விளம்பரத்தில் இருந்தால் அது போதாது. ஒரே 3080இல் ஃபவுண்டர்ஸ் எடிஷனுக்கு ஒரு போர்டு, ரெஃபரன்ஸ் அமைப்புக்கு வேறு, ஏசுஸ் ஸ்ட்ரிக்ஸுக்கு வேறு. பிளாக்கின் பகுதி எண்ணைக் கேட்டு, உங்கள் கார்டின் முழு மாடல் பெயரோடு தயாரிப்பாளரின் பட்டியலில் ஒப்பிடுங்கள். சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டான தெர்மல் பேட் எந்தத் தடிமனில் எங்கே ஒட்ட வேண்டும் என்ற கையேடும் இருக்க வேண்டும். 1 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 1.5 மி.மீ. போட்டால் பிளாக் சிப்பின் மேல் சரியாக அமராது.

ரேடியேட்டருக்கு நீள அகலத்தோடு தடிமனையும் கணக்கில் எடுங்கள். 30 மி.மீ. ரேடியேட்டரில் 25 மி.மீ. ஃபேன் சேர்ந்தால் 55. 45 மி.மீ. என்றால் 70. 60 மி.மீ. ரேடியேட்டரின் இரு பக்கமும் ஃபேன் வைத்தால் 110 மி.மீ. கேபினெட்டில் இடம் வேண்டும். 360, 420 என்ற எண்கள் ஃபேன்களின் கூட்டு நீளத்தைத்தான் சொல்கின்றன. இரண்டு பக்கத் தொட்டிகளையும் சேர்த்தால் ரேடியேட்டர் அதைவிட நீளமாக இருக்கும்.

ஃபிட்டிங்குகளின் மரை ஏறக்குறைய எல்லாப் பிராண்டிலும் ஜி 1/4 என்ற ஒரே அளவுதான். மாறுவது டியூப் பக்கம். சாஃப்ட் டியூபில் 10/13, 10/16, 13/19 என்று உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் சரியாக இருக்க வேண்டும்; ஹார்டு டியூபில் 12, 14, 16 மி.மீ. என்ற வெளிவிட்டம் மட்டும் பார்த்தால் போதும். வேறு வேறு அளவு கலந்த பத்து ஃபிட்டிங்கை மலிவாக வாங்கி ஒன்றும் செய்ய முடியாது.

படி 4: விற்கிறவரிடம் கேளுங்கள், படம் வாங்குங்கள்

நல்ல பேரம் பெரும்பாலும் முழு கம்ப்யூட்டரையும் பிரித்து விற்கிறவரிடம்தான் அமையும். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ் இரண்டிலும் பலர் பாகத்தின் பெயர் தெரியாமல் 'வாட்டர் கூலர் செட்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். அதனால் மாடல் பெயரோடு அப்படிப்பட்ட பொதுவான சொற்களையும் தேடிப் பாருங்கள். டெக்என்கிளேவ் போன்ற தளங்களின் விற்பனைப் பகுதியில் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பொருளை அறிந்தவர்கள் விற்பதால் விவரம் சரியாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து பழைய ரேடியேட்டர் வரவழைப்பதை நான் சொல்லமாட்டேன். அந்தக் கனத்துக்கு அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் இங்கே புதுசே வாங்கியிருக்கலாம்.

முதல் செய்தியே தெளிவாக இருக்கட்டும். இப்படி அனுப்பலாம்:

'வணக்கம் ப்ரோ, ரேடியேட்டரும் சிபியு பிளாக்கும் இன்னும் இருக்கிறதா? நான்கு விஷயம் தெரிந்தால் இன்றே முடிவு சொல்லிவிடுவேன். கடைசியாக என்ன கூலன்ட் ஓடியது, என்ன நிறம்? லூப்பில் அலுமினியப் பாகம் ஏதாவது இருந்ததா? எப்போது கழற்றினீர்கள், கழற்றியபின் காய வைத்தீர்களா? பிளாக்கைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபின்களை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?'

கூலன்ட் நிறத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தெளிவான கூலன்ட் எச்சம் அதிகம் விடாது. பால் போன்ற பாஸ்டல் வகைகளில் நுண்துகள்கள் மிதக்கின்றன. மினுமினுக்கும் அலங்கார வகைகளில் இன்னும் அதிகம். நாள்பட்டால் அவை படியும். பிவிசி சாஃப்ட் டியூபிலிருந்து, அதை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் கசிந்து வெள்ளைப் பிசினாக ஃபின்களில் ஒட்டுவதும் உண்டு. இதெல்லாம் கழுவினால் போகக்கூடிய அழுக்குதான். ஆனால் கழுவும் வேலை உங்களுடையது, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

ஃபின் படம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிளாக்கின் உள்ளே செம்பில் மெல்லிய வரிகள் செதுக்கியிருப்பார்கள். அவற்றின் இடைவெளி அரை மில்லிமீட்டரைவிடக் குறைவு. படத்தில் செம்பு கறுத்திருந்தால் கவலை இல்லை, அது இயல்பான நிறமாற்றம். பச்சையோ வெள்ளையோ அடைத்திருந்தால் கழுவலாம். நிக்கல் பூச்சு உரிந்து கீழே செம்பு தெரிந்தால் பிளாக் குளிரூட்டும், ஆனால் உரியும் துணுக்குகள் லூப்பில் சுற்றும், நான் விட்டுவிடுவேன். குழி குழியாக அரித்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் மூடி என்றால் போர்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிட்டிங்கை அளவுக்கு மீறி இறுக்கியதற்கு அதுவே அடையாளம். இன்று ஒழுகாவிட்டாலும் ஒருநாள் ஒழுகும். அசீட்டல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மூடி இந்த விஷயத்தில் உறுதியானது.

ரேடியேட்டரில் ஃபேன் ஸ்க்ரூ துளைகளுக்கு நேர் கீழே படம் கேளுங்கள். நீளமான ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கினால் அது ஃபின்னைத் தாண்டித் தண்ணீர்க் குழாயையே துளைத்துவிடும். வளைந்த ஃபின்கள் அழகுக் குறை மட்டும்தான், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நிமிர்த்தலாம்.

படங்கள் உண்மையா என்று அறிய, விற்கிறவரின் பயனர் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளைப் பொருளின் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய பாகம் கைமாறும் இடங்களில் இது வழக்கமான நடைமுறை. நல்ல விற்பனையாளர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

படி 5: பணம்

உள்ளூர் என்றால் நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். பம்பை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லலாம்: ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பவர் சப்ளை, 24 பின் ஜம்பர் ஒன்று இருந்தால் போதும். ஜம்பர் செய்வது 24 பின் இணைப்பில் 16ஆம் பின்னையும், அதாவது பழைய கேபிள்களில் பச்சை ஒயரையும், ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் இணைப்பதுதான். கம்பியை வளைத்துச் சொருகுவதைவிட விற்கும் ஜம்பரையே வாங்கிவிடுங்கள், மலிவுதான். பம்புக்குள் தண்ணீர் நிறைந்தபின்தான் ஸ்விட்ச் போட வேண்டும். முதல் சில நிமிஷம் கடகடவென்று சத்தம் வந்தால் காற்று. காற்று வெளியேறியபின்னும் அதே சத்தம் தொடர்ந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

வெளியூர் என்றால் வீடியோ காலில் பொருளைக் காட்டச் சொல்லுங்கள். யுபிஐயில் அனுப்பிய பணத்தை நீங்களாகத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஆளின் பழைய விற்பனைகள், கணக்கு தொடங்கிய காலம் எல்லாம் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பாதி முன்பணம், மீதி கூரியர் ரசீது வந்தபின் என்று பேசிக்கொள்வது இரு பக்கத்துக்கும் நியாயம். இப்போதே அனுப்பினால்தான், இன்னொருவர் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்துகிறவரை விட்டு விலகுங்கள்.

விற்கிறவர்களைக் குறிவைக்கும் மோசடி வேறு. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். கிரெடிட் ஆனதற்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கையே திறந்து பார்த்துவிட்டுப் பொருளை அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

படி 6: பொருள் வந்தபின் கழுவுங்கள், சோதியுங்கள்

பெட்டியைப் பிரிக்கும் முன்பிருந்தே வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சேதம் இருந்தால் பேசுவதற்கு அது ஒன்றே ஆதாரம்.

விற்றவர் கழுவித்தான் அனுப்பினேன் என்றாலும் மறுபடி கழுவுங்கள். ரேடியேட்டரில் பாதி அளவு சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இரண்டு போர்ட்டையும் மூடி, நன்றாகக் குலுக்கி, வெள்ளைக் கிண்ணத்தில் வடியுங்கள். நிறமும் துணுக்கும் வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பெரிய ரேடியேட்டருக்கு இது பொறுமையான வேலை. முதல் சில தடவை குழாய் நீரில் அலசலாம், ஆனால் போர்வெல் உப்பு உள்ளே தங்காதபடி கடைசி அலசல்கள் டிஸ்டில்டு வாட்டரில் இருக்க வேண்டும்.

பிளாக்கைக் கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். தண்ணீரை வரிகளின் மேல் பாய்ச்சும் ஜெட் பிளேட் எந்தத் திசையில் இருந்தது என்பது மறந்துபோகும். மென்மையான டூத் பிரஷ்ஷில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, வரிகளின் போக்கிலேயே தேயுங்கள். கறுத்த வெறும் செம்பைப் பளபளப்பாக்க வீட்டுச் செம்புப் பாத்திரத்துக்குப் போடும் அதே புளி போதும். கரைத்து, நார் இல்லாமல் துணியில் வடிகட்டிய புளித்தண்ணீரில் சில நிமிஷம் ஊறவைத்து அலசுங்கள். நிக்கல் பூசிய பிளாக்குக்குப் புளியோ வினிகரோ எலுமிச்சையோ கூடவே கூடாது. அமிலம் பூச்சைத் தின்னும். அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் விரிசல் விடும், அதனால் அதற்கு சோப்புத் தண்ணீர் மட்டும்.

ஓ-ரிங் தட்டையாகியிருந்தாலோ இறுகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஃபிட்டிங்கிலும் அப்படியே. திரும்பப் பூட்டும்போது ஓ-ரிங் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அப்புறம் ஒழுகல் சோதனை. ஏர் பிரஷர் லீக் டெஸ்டர் வாங்கினால் எல்லா லூப்புக்கும் உதவும். கிட்டத்தட்ட அரை பார் அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முள் இறங்கினால் ஒவ்வொரு பாகமாகத் தனியே சோதித்துக் கண்டுபிடிக்கலாம். டெஸ்டர் இல்லையென்றால் ரேடியேட்டரின் ஒரு போர்ட்டை அடைத்து, மற்றதில் டியூப் மாட்டி, தொட்டித் தண்ணீரில் முக்கி வாயால் ஊதுங்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல, குமிழி வரும் இடம்தான் ஓட்டை. சைக்கிள் பம்பால் காற்று அடிக்காதீர்கள், அந்த அழுத்தத்தை இந்தப் பாகங்கள் தாங்காது. கம்ப்யூட்டரில் மாட்டியபின், மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஜம்பரில் சில மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பாருங்கள்.

படி 7: விற்கிறவராக இருந்தால்

ஜிபியு பிளாக்கை முதலில் விற்றுவிடுங்கள். கார்டுக்கு மதிப்பு இருக்கும்வரைதான் அதற்கும் மதிப்பு. கார்டோடு சேர்த்து விற்க நினைத்தால், தண்ணீர் லூப் வைத்திருப்பவர் மட்டுமே வாங்குவார். அசல் கூலரை மறுபடி மாட்டி கார்டைத் தனியாக விற்பது எளிது. அதனால் அசல் கூலரையும் அதன் ஸ்க்ரூக்களையும் ஆரம்பத்திலிருந்தே பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

லூப்பைப் பிரித்த அன்றே கழுவி, போர்ட்டுகளைக் கீழ்நோக்கி வைத்து முழுதாகக் காய விடுங்கள். ஈரத்தோடு மூடி அலமாரியில் வைத்த பாகம் உள்ளே பாசி பிடிக்கும். வடித்த கூலன்டைச் செடிக்கோ தெருவுக்கோ ஊற்றாதீர்கள். பல கூலன்ட்களில் கிளைகால் இருக்கிறது. எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினாலும் குழந்தை குடித்தாலும் விஷம்.

விளம்பரத்தில் மாடல் பெயர், உலோகம், ஓடிய கூலன்ட், எத்தனை வருஷம், என்ன குறை, என்னென்ன உதிரிகள் இருக்கின்றன என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஃபின் படத்தைக் கேட்கும் முன்பே போடுங்கள். இப்படி எழுதினால் ஒரே கேள்விக்கு இருபது பேருக்குப் பதில் சொல்லும் தொல்லை குறையும். கேட்டு வருகிறவர்களும் நிஜமாகவே வாங்கும் எண்ணத்தோடு வருவார்கள்.

விலைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. இன்றைய புது விலையில், நீங்கள் கொடுத்த விலையில் அல்ல, சுத்தமான செம்பு ரேடியேட்டருக்கும் ஓடும் டி5க்கும் ஏறக்குறைய பாதி. மவுன்ட் முழுசாக இருக்கும் சிபியு பிளாக்குக்கும் பாதி, மவுன்ட் இல்லையென்றால் கால்வாசி. ஃபிட்டிங்குகளை ஒவ்வொன்றாக விற்காமல் ஒரே அளவில் ஆறு, எட்டு என்று தொகுப்பாகப் போட்டால் சீக்கிரம் போகும். டியூபுக்கு விலை சொல்லாதீர்கள்.

பேக்கிங்தான் பலர் அசட்டையாக விடுகிற இடம். ரேடியேட்டரிலிருந்து ஃபிட்டிங்கைக் கழற்றிவிட்டு போர்ட்டில் ஸ்டாப் பிளக் போடுங்கள்; மாட்டியபடியே அனுப்பினால் பெட்டி விழும்போது ஃபிட்டிங் நெம்புகோல் மாதிரி மரையைப் பெயர்த்துவிடும். இரண்டு பக்கமும் ஃபின்னுக்கு மேல் கெட்டி அட்டை வைத்து, பபிள் ராப் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி. ரிசர்வாயரின் குழாயையும் மூடிகளையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். சின்ன ஸ்க்ரூக்களை ஜிப் பையில் போட்டு, பிளாக்கோடு டேப் ஒட்டுங்கள். எந்தப் பாகத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. மிச்சக் கூலன்ட் பாட்டிலைச் சேர்த்து அனுப்பவே வேண்டாம், திரவங்களைக் கூரியர்காரர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

கூரியர் கட்டணத்தை முன்கூட்டியே பாருங்கள். பல நிறுவனங்கள் எடையோடு பெட்டியின் அளவையும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான முறை. 45, 20, 12 செ.மீ. பெட்டி என்றால் 2.16 கிலோ. உள்ளே இருக்கும் ரேடியேட்டர் அதைவிட லேசாக இருந்தாலும் கட்டணம் இதற்குத்தான். பேக் செய்வதையும், பெட்டியில் முகவரி ஒட்டுவதையும் வீடியோ எடுத்து, ரசீதோடு வாங்குகிறவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.

ஒழுகுகிற ரேடியேட்டரைப் 'பார்ட்ஸுக்கு மட்டும்' என்று எழுதிக்கூட விற்காதீர்கள். ஈயப்பற்று வைத்து யாராவது ஒரு நல்ல மதர்போர்டின் மேல் மாட்டிவிடுவார்கள். அது செம்பும் பித்தளையும்தானே, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் அதற்குரிய விலை கிடைத்துவிடும்.